ஒரே கம்ப்யூட்டரில் என்விடியாவும் ஏ.எம்.டி.யும்: சேருமா, சேராதா?

புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியவருக்கு ஒரு சபலம் வரும். பழைய கார்டைக் கழற்றி எறிவானேன், பக்கத்து ஸ்லாட்டிலேயே கிடக்கட்டுமே, இரண்டும் சேர்ந்து உழைத்தால் வேகம் கூடாதா என்று. புதியது ஏ.எம்.டி., பழையது என்விடியா என்றால்? மாட்டலாம், ஒன்றும் வெடித்துவிடாது. இன்றைய விண்டோஸ் இரண்டையும் அடையாளம் காணும்; ஆளுக்கொரு மானிட்டரையும் இணைத்துக்கொள்ளலாம். ஆனால், ஒரே கேமை இரண்டும் பங்குபோட்டு ஓட்டும் என்று நம்பினால் ஏமாற்றம்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அட்டைப்பெட்டியில் ஆசுஸ், எம்.எஸ்.ஐ., ஜிகாபைட், ஸோடாக் என்று எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே இருக்கும் சிப் பெரும்பாலும் என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூன்றில் ஒன்றுடையதாகத்தான் இருக்கும். சிப் ஒன்றாக இருந்து பெட்டியின் பெயர் மட்டும் வேறானால் இன்று பெரிய தகராறு இல்லை. 2004-ல் என்விடியா, இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஓட்டும் தன் எஸ்.எல்.ஐ. முறையைக் கொண்டுவந்த புதிதில் அதற்கும் கெடுபிடி இருந்தது. பிறகு வந்த டிரைவர்கள் தளர்த்திவிட்டன. உண்மையான சிக்கல் சிப்பே வேறாகும்போதுதான் தொடங்குகிறது.

காரணம் டிரைவர். கேம் எழுதுபவர்கள் டைரக்ட்எக்ஸ் அல்லது வல்கன் என்ற பொதுவான முறையில் கட்டளை இடுகிறார்கள். அதைத் தன் சிப்புக்குப் புரியும் இயந்திர மொழியாக மாற்றுவது அந்தந்தக் கம்பெனியின் டிரைவர். என்விடியா சிப்புக்காக ஆக்கியது ஏ.எம்.டி. சிப்பில் ஓடாது. ஒரு காலத்தில் இரண்டு டிரைவர்களும் ஒரே நேரத்தில் இயங்கக்கூட வழியில்லாமல் இருந்தது. விண்டோஸ் விஸ்டாவின் புதிய டிரைவர் முறை, எத்தனை கார்டு இருந்தாலும் ஒரே டிரைவர்தான் என்று கட்டுப்படுத்தியது. 2009-ல் விண்டோஸ் 7 வந்துதான் அந்தப் பூட்டு திறந்தது.

சரி, டிரைவர்கள் இரண்டும் ஓடுகின்றன. வேலையைப் பிரித்தால் என்ன? வழக்கமான முறை, ஒரு ஃபிரேம் உனக்கு, அடுத்தது எனக்கு என்று மாறிமாறி வரைவது. ஒரு கார்டு 10 மில்லி விநாடியில் வரைந்து முடிப்பதை இன்னொன்று 20 மில்லி விநாடியில் முடித்தால், சராசரி வேகம் கணக்கில் அழகாக இருக்கும்; திரையில் திக்கித் திக்கி ஓடும். அதோடு, மானிட்டர் ஒரு கார்டில்தான் இணைந்திருக்கிறது. மற்றது வரைந்த படம் மதர்போர்டு வழியே பயணப்பட்டு அங்கே வந்து சேர வேண்டும். 4கே படம் ஒன்றில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேமே 33 எம்.பி. விநாடிக்கு 60 ஃபிரேம் இப்படிக் கடக்க வேண்டுமானால் 2 ஜி.பி. பல மதர்போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டுக்குக் கிடைப்பது நான்கே லேன்கள், அதாவது தரவுப் பாதைகள். அந்த ஸ்லாட் பி.சி.ஐ.இ. 3.0 வகை என்றால் அதன் உச்சமே விநாடிக்கு 4 ஜி.பி.க்குச் சற்றுக் குறைவு. பாதிப் பாதை படத்தைக் கடத்துவதிலேயே போய்விடுகிறது.

இதுவரை சொன்னது பொறியியல். இனி வருவது வியாபாரம். கேம்களில் புகை, துணி, சிதறும் கண்ணாடி போன்றவற்றின் அசைவைக் கணக்கிடும் ஃபிசிக்ஸ் தொழில்நுட்பத்தை வைத்திருந்த அஜியா நிறுவனத்தை 2008-ல் என்விடியா வாங்கியது. படம் வரைய ஏ.எம்.டி.யின் ஏ.டி.ஐ. கார்டு, இந்தக் கணக்குக்கு மட்டும் மலிவான என்விடியா கார்டு என்று சிலர் ஜோடி சேர்த்தார்கள், நன்றாகவே ஓடியது. 2009-ல் என்விடியா வெளியிட்ட டிரைவர், வேறு கம்பெனி கார்டு படம் வரைந்தால் ஃபிசிக்ஸை அணைத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய கார்டு, பக்கத்து ஸ்லாட்டில் யார் இருக்கிறார் என்று பார்த்து வேலைநிறுத்தம் செய்தது! ஆர்வலர்கள் டிரைவரைத் திருத்தி மறுபடி ஓடவைத்தார்கள். தடை வன்பொருளில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சேர்த்துவைக்க முயன்றவர்களும் உண்டு. இஸ்ரேலின் லூசிட் நிறுவனம் ஹைட்ரா என்ற சிப்பை உருவாக்கி, கேமுக்கும் டிரைவர்களுக்கும் இடையே நின்று வேலையைப் பிரிக்கப் பார்த்தது. 2010-ல் எம்.எஸ்.ஐ. அதை வைத்து ஒரு மதர்போர்டே விற்றது. எல்லா கேமும் ஒழுங்காக ஓடவில்லை, முயற்சி நிலைக்கவில்லை. 2015-ல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, எந்தக் கம்பெனி கார்டுகளையும் சேர்க்கும் வசதியைக் கேம் எழுதுபவர்கள் கையிலேயே கொடுத்தது. ‘ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டி’ என்ற கேம் அதை உண்மையிலேயே செய்து காட்டியது, ஏ.எம்.டி.யும் என்விடியாவும் ஒரே போர்க்களத்தை மாறிமாறி வரைந்தன. ஆனால் கார்டுக் கம்பெனி பார்த்துவந்த வேலை முழுவதும் கேம் எழுதுபவர் தலையில் விழுந்தது. இரண்டு கார்டு வைத்திருக்கும் சொற்பப் பேருக்காக யார் அந்தப் பாடுபடுவார்கள்? 2021 முதல் என்விடியா தன் சொந்த எஸ்.எல்.ஐ.க்கே புதிய டிரைவர் அமைப்புகள் தருவதை நிறுத்திவிட்டது.

ஆனாலும் கலப்பு ஜோடி வீண் என்று சொல்லிவிட முடியாது. இன்டெல் கிராபிக்ஸும் என்விடியா கார்டும் உள்ள லேப்டாப் ஒவ்வொன்றும் கலப்பு ஜோடிதான். பெரியது வரைந்ததைப் பெரும்பாலும் சிறியது திரைக்கு அனுப்புகிறது. எந்தச் செயலி எந்தக் கார்டில் ஓட வேண்டும் என்று விண்டோஸ் செட்டிங்ஸில் தனித்தனியே சொல்லவும் முடியும். ‘லாஸ்லெஸ் ஸ்கேலிங்’ என்ற மென்பொருள், கேமை ஒரு கார்டில் ஓடவிட்டு இடைப்பட்ட ஃபிரேம்களை இன்னொன்றில் உருவாக்குகிறது. வீட்டிலேயே ஏ.ஐ. மாடல் ஓட்டுபவர்கள் ‘லாமா.சிபிபி’ என்ற மென்பொருளை வல்கன் வழியே இயக்கி, மாடலை இரு கம்பெனி கார்டுகளுக்கும் பிரித்துப் போடுகிறார்கள். முப்பரிமாணப் படம் ஆக்கும் பிளெண்டரின் சைக்கிள்ஸில் மட்டும் அது நடக்காது: என்விடியாவின் கூடாவா, ஏ.எம்.டி.யின் ஹிப்பா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

கேம் வேகத்துக்காக மட்டும் யோசிக்கிறீர்கள் என்றால், பழைய கார்டை விற்று, அந்தக் காசையும் சேர்த்து ஒரே நல்ல கார்டாக வாங்குங்கள். வேறு வேலைக்காக இரண்டையும் வைத்துக்கொள்வதானால், இரண்டாவது ஸ்லாட்டுக்கு எத்தனை லேன், பவர் சப்ளை தாங்குமா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு மாட்டுங்கள். முக்கிய மானிட்டரின் கேபிள் வேகமான கார்டில்தான் இருக்க வேண்டும். லாஸ்லெஸ் ஸ்கேலிங்குக்கு மட்டும் அது ஃபிரேம் உருவாக்கும் கார்டில் இருக்கட்டும்.