இருபதுக்கு அப்பால் ஓர் அமினோ அமிலம்

விலங்குகளின் புரதங்கள் ஏறத்தாழ எல்லாமே ஒரே 20 அமினோ அமிலங்களால் கட்டப்பட்டவை. ஆனால் இயற்கையில் அமினோ அமிலங்கள் இருபதோடு நின்றுவிடவில்லை. 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில், உயிரினங்களின் புரதங்களில் இல்லாத அமினோ அமிலங்களும் இருப்பதை நாசா ஆய்வுக்குழு ஒன்று 1970இல் வெளிப்படுத்தியது. அக்குழுவின் முக்கிய விஞ்ஞானி, மருதானை புனித ஜோசப் கல்லூரியின் பழைய மாணவர் சிறில் பொன்னம்பெரும.

அப்படியானால் உயிர்கள் ஏன் பெரும்பாலும் இருபதை மட்டும் எடுக்கின்றன? காரணம் பிறப்புரிமைக் குறியீடு. பரம்பரையலகின் எழுத்துகள் மும்மூன்றாக வாசிக்கப்படுகின்றன. 64 மும்மைகளில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, யு.ஏ.ஜி. உள்ளிட்ட மூன்று, புரதத்தை அங்கே முடிக்கச் சொல்கின்றன. ஒவ்வொரு மும்மைக்கும் உரிய அமிலத்தை, புரதம் கட்டப்படும் இடமான இறைபோசோமுக்குச் சுமந்து வருவது இடமாற்றும் ஆர்.என்.ஏ. அதில் சரியான அமிலத்தை ஏற்றிவிடுவது ஒரு நொதியம். ஆகவே புதிய அமிலம் ஒன்றைப் புகுத்த, அதை மட்டுமே ஏற்றும் நொதியமும் யு.ஏ.ஜி.யை வாசிக்கும் ஆர்.என்.ஏ.யும் வேண்டும். இந்தச் சோடி கலத்தின் சொந்த நொதியங்களோடு கலந்துவிடவும் கூடாது.

அமெரிக்காவில் பீற்றர் ஷூல்ற்ஸின் குழு 2001இல் இதை ஈ.கோலி பற்றீரியாவில் சாதித்தது. விலங்கில் முதன்முதலாகச் செய்து காட்டியவர்கள் கேம்பிரிட்ஜின் செபாஸ்டியன் கிரைஸும் ஜேசன் சின்னும். 2011இல் அவர்கள் தெரிந்தெடுத்தது, ஒரு மில்லிமீற்றர் நீளமான உருளைப்புழு. மெத்தனோசார்சினா என்ற நுண்ணுயிர் இயல்பாகவே யு.ஏ.ஜி.யை ஓர் அமினோ அமிலத்துக்குப் பயன்படுத்துவதால், அதன் சோடியைப் புழுவுக்குள் செலுத்தினர். பச்சையாக ஒளிரும் புரதத்துக்கும் சிவப்பாக ஒளிரும் புரதத்துக்கும் இடையே யு.ஏ.ஜி. வைக்கப்பட்டது. புதிய அமிலத்தை உணவோடு கொடுத்தபோது வாசிப்பு அந்த இடத்தைத் தாண்டிச் சென்று, சிவப்பு ஒளியும் தோன்றியது. கொடுக்காதபோது பச்சையோடு முடிந்தது.

2012இல் பழ ஈக்களிலும் 2016இல் சுண்டெலியின் மூளையிலும் இதே முறை பலித்தது. ஒளி பட்டதும் செயற்படத் தொடங்கும் அமிலத்தைப் புகுத்தினால், குறித்த ஒரு புரதத்தை வேண்டிய நேரத்தில் இயக்கலாம். அருகிலுள்ள மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் அமிலம், எந்தப் புரதம் எதனோடு சேருகிறது என்பதை உயிருள்ள கலத்திலேயே காட்டித் தரும். இறந்த கலங்களை அரைத்துப் பெறும் தகவலை விட இது மிகவும் பெறுமதியானது.

தடைகளும் உள்ளன. விலங்கின் சொந்தப் பரம்பரையலகுகள் பலவும் யு.ஏ.ஜி.யிலேயே முடிவதால், அவற்றின் புரதங்களும் தவறாக நீளக்கூடும். வாசிப்பை நிறுத்தும் காரணிகள் போட்டியிடுவதால் விளைச்சலும் குறைகிறது. அதேவேளை, விலங்கினால் இந்த அமிலத்தைத் தானாக ஆக்க முடியாது; ஊட்டுவதை நிறுத்தினால் புதிய புரதத்தின் உற்பத்தியும் நின்றுவிடும்.