மண்ணுக்கு மூன்று ஆண்டு, மணிக்கு மூன்று மாதம்

முந்தின ஆண்டு நாற்றங்காலில் விதைத்த தூயமல்லியில் பாதி மயில்களுக்குப் போனது. வரப்பு முழுக்கப் பெருச்சாளி வளை. அதனால்தான் எனக்கு நாய் ஆசை வந்தது. முப்பத்து நான்கு வருடம் வங்கியில் இருந்தவன் நான். எதற்கும் ‘இதனால் என்ன வரவு?’ என்று கேட்கிற புத்தி இன்னும் போகவில்லை. நல்ல காவல் நாய் வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

நண்பர்கள் ராஜபாளையம் வாங்கு, சிப்பிப்பாறை வாங்கு என்றார்கள். மகள்தான் தடுத்தாள். “காசு கொடுத்து ஏம்பா வாங்கணும்? காப்பகத்துல எத்தனையோ குட்டி கெடக்கு.” திருச்சியில் தன்னார்வலர்கள் நடத்தும் ஒரு காப்பகத்துக்குக் கூட்டிப் போனாள். 2025 ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அது.

ஒரே கூண்டில் ஏழெட்டுக் குட்டிகள். ஆறு குட்டி கம்பியில் ஏறி வாலாட்டின. ஒன்று மட்டும் மூலையில் முகத்தைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. செம்மண் நிறம், மூன்று மாத வயது இருக்கும். “இதை யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க சார்” என்றார் அங்கிருந்த பெண். என் மனைவி அதையே கைகாட்டினாள். காவலுக்கு நாய் தேடிப் போனவன், தன் நிழலுக்கே பயப்படுகிற குட்டியோடு திரும்பினேன். பெயர் மணி. நம் ஊரில் நாய் என்றால் மணிதானே!

நான் செய்த தவறுகள்

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். பெட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு பெரும்பாலும் தோட்டத்துக் கொட்டகையில்தான் வாசம்.

முதல் நாள் மணியை ஸ்ரீரங்கம் வீட்டுக்கே கொண்டுபோனேன். வந்ததும் குளிப்பாட்டினேன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து தொட்டுப் பார்த்தார்கள். வெளியே ஆட்டோ, பூக்காரர், மைக் சத்தம். குட்டி கட்டிலுக்கடியில் போய், அங்கேயே சிறுநீர் விட்டு, இரண்டு நாள் சோறு தொடவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரே நாளில் அதன் பயத்தை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். கடலைப் புண்ணாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் இடம் பிடித்துக்கொண்டது. நான் குனிந்து கூப்பிட்டால் இன்னும் உள்ளே போகும். கையை நீட்டினால் நடுங்கும். மூன்று வாரம் இதே கதை. ஒருநாள் சலித்துப்போய், “திருப்பிக் கொடுத்துடலாம், இது தேறாது” என்று சொல்லிவிட்டேன். மனைவி பதிலே பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

அதே வாரம்தான் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. டெல்லி நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன ஆகஸ்ட் 11 உத்தரவை, ஆகஸ்ட் 22-ல் திருத்தினார்கள். கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார்கள். பேப்பரைப் படித்தபோது எனக்கு அந்தக் கூண்டுதான் கண்ணில் நின்றது. நான் திருப்பிக் கொடுத்தால் மணி போகப்போவது அந்த மூலைக்குத்தான்.

“நீங்க அதப் பாக்காதீங்க”

எங்கள் தோட்டத்தில் களையெடுக்க வரும் அம்மா ஆடு வளர்ப்பவர். நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: “மேனேஜர் சார், அது உங்களப் பாக்கட்டும். நீங்க அதப் பாக்காதீங்க.”

அந்த ஒரு வரிதான் எனக்குப் பாடம். அன்றிலிருந்து மூட்டைகளுக்குப் பத்தடி தள்ளி, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தயிர்ச்சோறு. எங்கள் வீட்டில் மாமிசம் கிடையாது. மணிக்காகக் கொட்டகையில் தனி அடுப்பில் முட்டை மட்டும் வேகும். தினம் அதே நேரம், அதே இடம், அதே கிண்ணம். கிண்ணத்தை நாளுக்கு அரையடி என் பக்கம் நகர்த்தினேன். கூப்பிடவில்லை, தொடவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் நாய்க்குட்டிகளைப் பல ஆண்டு ஆராய்ந்து 1965-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பிறந்து மூன்றாம் வாரத்திலிருந்து சுமார் பன்னிரண்டாம் வாரம்வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதை நம்பும். அந்தப் பருவத்தில் மனித வாடையே இல்லாமல் வளர்ந்தால் பிறகு மனிதரைக் கண்டு மிரளும் என்பது அவர்கள் கண்டது. மணிக்கு அந்தப் பருவம் தெருவிலும் கூண்டிலும் கழிந்திருக்கிறது. பிறவிக் கோழை என்று நான் நினைத்தது தப்பு. பருவம் தப்பிய விதைப்பு அது; முளைக்கும், ஆனால் நாளாகும்.

இயற்கை வேளாண்மைச் சான்றுக்கு மாறும்போது ஓராண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு, வாழை, தென்னை மாதிரியானவற்றுக்கு மூன்று ஆண்டு காத்திருக்கிறோம். யூரியா தின்று பழகிய மண்ணை ‘தேறாது’ என்று நான் திருப்பிக் கொடுக்கவில்லையே! மண்ணுக்கு மூன்று ஆண்டு கொடுத்தவன், இந்த உயிருக்கு மூன்று மாதம் கொடுக்கக்கூடாதா?

தீபாவளி அன்று வெடிச்சத்தத்துக்கு பயந்து தோட்டத்திலேயே தங்கினோம். தூரத்தில் வெடித்தாலும் மணி கயிற்றுக் கட்டிலுக்கடியில் ஒடுங்கிவிட்டான். நான் ஒன்றும் பேசாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி பத்து மணி இருக்கும். என் பாதத்தின் மேல் சூடாக ஏதோ பட்டது. அவன் தலை. நான் காலை அசைக்கவே இல்லை, மரத்துப்போகும்வரை.

ஆமணக்குப் பானை

கார்த்திகையில் நடந்ததை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். தென்னையில் காண்டாமிருக வண்டுக்கு ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சின்ன மண்பானைகளில் வைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். நானும் வைத்திருந்தேன். ஆமணக்கில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் போகாமல் புண்ணாக்கில் தங்கிவிடும். நாய் கொஞ்சம் தின்றாலே வாந்தி, ரத்தக் கழிச்சல், உயிருக்கே ஆபத்து. இதற்கு முறிவு மருந்தும் கிடையாது. ‘இயற்கை இடுபொருள்தானே’ என்று நான் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

அன்று காலை முப்பதடி தள்ளி மணி பானைக்குள் முகத்தை விடப் போவதைப் பார்த்தேன். கத்தியிருந்தால் மிரண்டு ஓடியிருப்பான்; துரத்தியிருந்தால் பிடிபட மாட்டான்; பிறகு திரும்பி வந்து நக்கியிருப்பான். வழக்கமாகச் சோற்றுக்குக் கூப்பிடும் குரலில் உட்கார்ந்து, “மணி, வாடா” என்றேன். தலையைத் தூக்கிப் பார்த்தான். பானையை விட்டான். வந்தான். முகத்தை முகர்ந்தேன், ஈரமில்லை. மூன்று மாதம் காத்திருந்ததற்கு எனக்குக் கிடைத்த வட்டி அதுதான். அன்றே பானைகளுக்கு மேல் கம்பி வலை கட்டினேன். அடியுரமாகப் போடும் ஆமணக்குப் புண்ணாக்கையும் இப்போது மண்ணுக்குள் ஆழமாக மூடிவிடுகிறோம். மூட்டை பூட்டிய அறையில்.

வளர்க்க நினைப்பவர்களுக்கு

காப்பகத்திலிருந்து எடுக்கும்போது எந்தெந்தத் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள் என்று எழுதி வாங்குங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போடவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் கணக்கில் தவறாமல். மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வரை நாயால் வருவது. குடற்புழு நீக்கம் மறக்கக்கூடாது. கருத்தடையும் செய்துவிடுங்கள்; இல்லாவிட்டால் நாமே அடுத்த கூண்டை நிரப்புகிறோம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கொடுக்காதீர்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டாதீர்கள். கட்டிப்போட்ட பயந்த நாய்தான் கடிக்கிற நாயாகிறது.

காவல் எப்படி என்று கேட்பீர்கள். பெருச்சாளி வளைகளை மோந்து தோண்டுகிறான். மயிலைக் கண்டால் என் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டு குரைக்கிறான். மயில் சட்டம் பாதுகாக்கிற பறவை, குரைத்தால் போதும். அதுவும் பறந்துவிடுகிறது.

காலையில் மடை திருப்பப் போகும்போது முன்னே ஓடி, வரப்பு முனையில் நின்று திரும்பிப் பார்க்கிறான். நான் வருகிறேனா என்று உறுதி செய்துகொண்டு மறுபடி ஓடுகிறான்.