கேரம் ஆடுவோம், சண்டை வேண்டாம்!



போன வாரம் பி.டி. பீரியட்ல மழை. அதனால் வகுப்பிலேயே கேரம் ஆடினோம். எனக்கு ஒரே ஒரு வெள்ளைக்காய் பாக்கி. அதைக் குழியில் தள்ளிவிட்டு, "ஜெயிச்சுட்டேன்!" என்று குதித்தேன். எதிரே ஆடிய என் தோழி, "சிவப்பு இன்னும் போர்டுல இருக்கு. நீ தோத்துட்ட" என்றாள். எனக்கு ஒரே கோபம். அவள் ஏமாத்துறாள் என்று எல்லார் முன்னாடியும் சொல்லிவிட்டு, அவளோடு காய் விட்டுட்டேன்.

மறுநாள் பி.டி. சாரிடம் போய் விதிகளைக் கேட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. வெள்ளை 9, கருப்பு 9, சிவப்பு 1. மொத்தம் 19 காய்கள். முதலில் அடிப்பவருக்கு வெள்ளை, மற்றவருக்குக் கருப்பு.

2. ஸ்ட்ரைக்கர் நம் பக்கத்து இரண்டு கோடுகளையும் தொட வேண்டும். ஓர வட்டத்தில் வைத்தால் வட்டம் முழுசா மறையணும். பாதி வட்டத்தில் வைப்பது தப்பு. விரலால் சுண்ட வேண்டும், தள்ளக் கூடாது.

3. நம் காய் விழுந்தால் மறுபடி நாமே அடிக்கலாம். விழாவிட்டால் முறை எதிராளிக்கு.

4. ஸ்ட்ரைக்கர் விழுந்தால் மைனஸ். முறையும் போய்விடும். நாம் போட்ட காய்களில் ஒன்றை வெளியே எடுக்க வேண்டும். அதை எதிராளி நடு வட்டத்துக்குள் வைப்பார். ஸ்ட்ரைக்கரோடு நம் காயும் சேர்ந்து விழுந்தால், அந்தக் காயும் இன்னொரு காயும் வெளியே வரும். ஆனால் முறை நமக்கே.

5. நம் காய் ஒன்றாவது விழுந்த பிறகுதான் சிவப்பைப் போடலாம். போட்டதும் அடுத்த அடியிலேயே நம் காய் ஒன்றைப் போட வேண்டும். இதைத்தான் ஃபாலோ என்கிறோம். ஃபாலோ விழாவிட்டால் சிவப்பு மறுபடி நடுவுக்கு வந்துவிடும்.

6. சிவப்பு போர்டில் இருக்கும்போது நம் கடைசிக் காயைப் போட்டால் அந்த ஆட்டம் நமக்குத் தோல்வி! (நான் செய்தது இதுதான்.)

7. ஜெயித்தவருக்கு, எதிராளியின் மீதிக் காய் ஒன்றுக்கு 1 புள்ளி. சிவப்பும் அவரிடம் இருந்தால் கூட 3 புள்ளி. 22 புள்ளி வந்த பிறகு சிவப்புக்குப் புள்ளி கிடையாது. முதலில் 25 எடுப்பவரே வெற்றியாளர். 8 ஆட்டம் முடிந்தும் யாரும் 25 எடுக்கவில்லை என்றால், அதிகப் புள்ளி வைத்திருப்பவர் ஜெயிப்பார்.

கருப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று நம் தெருவில் ஆடுகிறோமே, அது பாயிண்ட் ஆட்டம். அதுவும் ஆடலாம். ஆனால் எந்த ஆட்டம் என்பதை முதல் அடிக்கு முன்னாடியே பேசிக்கொள்ள வேண்டும். பாதியில் விதி சொன்னால்தான் சண்டை வருது.

"கேரம் சும்மா பொழுதுபோக்குதானே" என்று சிலர் கேட்கலாம். சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இரண்டு முறை கேரம் உலக சாம்பியன் ஆனவர், அர்ஜுனா விருதும் பெற்றவர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமாவும் சென்னைப் பெண்தான். அவர் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். விதி தெரிந்து, தினமும் பழகினால் நம்மாலும் முடியும்.

கடைசியாக ஒன்று. என் தோழி சொன்னதுதான் சரி. ஏமாத்துறாள் என்று எல்லார் முன்னாடியும் சொன்னேன். அதனால் தப்பு என்னுடையது என்பதையும் எல்லாரும் படிக்கிற இந்தச் சுவரிலேயே எழுதுகிறேன்.

பழம் விடலாமா? அடுத்த மழைக்கு நீயே வெள்ளைக்காய் எடுத்துக்கோ.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி