உச்சிக்குடும்பனும் மாயமானும்

தோல்பாவைக்கூத்தில் ராமாயணம் பத்து நாள் வரை நடக்கும். அந்தப் பத்து நாளும் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற இருவருக்கு ராமாயணத்தில் இடமே கிடையாது. ஒருவன் உச்சிக்குடும்பன், உச்சிக்குடுமி என்றும் சொல்வார்கள். மற்றவன் உளுவத்தலையன். முதலாமவன் வாய்த்துடுக்கானவன், இரண்டாமவன் பெரிய தலையும் மந்த புத்தியும் கொண்டவன். காட்டுக்குப் போகும் ராமனுக்காக ஊரே அழுதுகொண்டிருக்கும்போது இவர்கள் சாப்பாட்டுக்குச் சண்டை போடுவார்கள். அழுத கண்ணோடு சிரிக்க வைப்பது லேசான வேலையல்ல.

திருவண்ணாமலைப் பக்கத்தாருக்கு இந்த உத்தி புதிதல்ல. ஆரணி, செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதக்கூத்து நடக்கும்போது கட்டியக்காரன் செய்வதும் இதுதான். அவன் ராஜாவுக்கும் சபைக்கும் நடுவே நின்றுகொண்டு உள்ளூர் வழக்குகளைப் பேசுவான். ஆனால் கட்டியக்காரன் ஓர் ஆள். உச்சிக்குடும்பனோ ஆட்டுத்தோல். அவனுக்கும் உளுவத்தலையனுக்கும், ராவணனுக்கும் சீதைக்கும் கூட, திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரே கலைஞர்தான் குரல் கொடுக்கிறார். இரண்டு கையிலும் இரண்டு பாவை, மாறி மாறி இரண்டு தொண்டை. அடி விழும் சத்தமும் தாளத்துக்குள் அடங்க வேண்டும். ஆர்மோனியமும் மிருதங்கமும் பெரும்பாலும் குடும்பத்தார் கையில் இருக்கும்.

இந்தக் கலையைத் தமிழ்நாட்டில் காத்து வருபவர்கள் மண்டிகர் எனப்படும் கணிகர் சமூகத்தார். வீட்டில் மராத்தி பேசுபவர்கள், மேடையில் தமிழ் பேசுகிறார்கள். தஞ்சையில் மராட்டியர் ஆட்சி (1676–1855) நடந்த காலத்தோடு இவர்களது வருகையைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். நாகர்கோவிலைச் சேர்ந்த ஆய்வாளர் அ.கா. பெருமாள் இவர்களோடு பழகி விரிவாக எழுதியிருக்கிறார். பாவை என்கிற எண்ணம் தமிழுக்கு அதைவிடப் பழையது. கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவையைக் குறள் 1020 உவமையாக்குகிறது.

பாவைகளில் அதிகக் கற்பனை ஓடியிருப்பது விலங்குகளில்தான். மாரீசன் எடுக்கும் மாயமானைப் பார்த்தால் போதும். பதப்படுத்திய தோலில் மானை வரைந்து, வெட்டி, இரண்டு பக்கமும் சாயம் பூசி, உளியால் உடம்பெங்கும் பொடிப்பொடியாகத் துளையிடுகிறார்கள். பகலில் கையில் எடுத்துப் பார்த்தால் அவை வெறும் துளைகள். பின்னால் விளக்கு எரியும்போது ஒவ்வொரு துளையும் ஒளிப்புள்ளியாகி, மான் நடக்க நடக்க மினுக்கும். சீதை ஆசைப்பட்டதில் தப்பில்லை என்று அப்போது தோன்றும். வானரங்களுக்கு ஆபரணம் உண்டு, அனுமன் வாலுக்குத் தனி ஆட்டம் உண்டு, ஜடாயுவின் சிறகில் பூவேலைப்பாடு. காட்டில் இருக்கும் விலங்கை அப்படியே வரைவது இவர்கள் நோக்கமல்ல. அண்ணாமலையார் கோயில் மாடவீதியில் பிள்ளையாரைச் சுமந்து வரும் மூஷிகம் எந்த எலியைப் போலவும் இருப்பதில்லையே! அதே கண்தான் இங்கும்.

கதையில் இல்லாத கோமாளிகளை நிழலாட்டத்தில் நுழைப்பது வேறு இடங்களிலும் உண்டு. ஆந்திரத்துத் தோலுபொம்மலாட்டத்தில் கேத்திகாடும் பங்காரக்காவும் வருவார்கள். ஜாவாவின் வயாங்கில் சேமாரும் அவன் பிள்ளைகளும் பாண்டவர் பக்கம் நின்று அரட்டை அடிப்பார்கள். துருக்கியின் காராகோஸ் ஆட்டத்திலோ கோமாளிகளே கதாநாயகர்கள்.

எண்ணெய் விளக்கு இருந்த இடத்தில் இன்று மின்விளக்கு. பத்து நாள் கதை பல இடங்களில் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. பள்ளிகளிலும் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளிலும் பாவைகளைக் கொண்டு நோயைப் பற்றியும் குடியைப் பற்றியும் பேசச் சொல்கிறார்கள். அதை ராமன் வாயில் வைக்க முடியாது. உளுவத்தலையன் தப்புத்தப்பாகக் கேட்பான். உச்சிக்குடும்பன் தலையில் ஒன்று போட்டுவிட்டுப் பதில் சொல்வான்.