பிச்சைக்கு உதவாத கைகள்

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம் ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்கே சென்றால் காரவள்ளி வரும். அங்கிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதை நம்மைக் கொல்லிமலைக்கு ஏற்றிச் செல்லும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் மலை அது. நூறாண்டுகளுக்கு முன்பு இந்தப் பாதை இல்லை. காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அம்மலையில் தங்கத் தயங்கிய காலம். ஒரு சமயத்தார் தம்மைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கு எவ்வாறு பயன்பட முடியும் என்னும் வினாவுக்கு, அம்மலையில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு விடையளிக்கிறது.

ஜெஸ்ஸி பிராண்டு இங்கிலாந்திலிருந்து வந்த அருட்பணியாளர்; கட்டடத் தொழிலும் தச்சு வேலையும் அறிந்தவர். ஓராண்டுக் காலம் மருத்துவத்தின் அடிப்படைகளையும் கற்றிருந்தார். 1913இல் எவலின் என்னும் பெண்மணியை மணந்து, அவருடன் கொல்லிமலையில் குடியேறினார். தாம் வாழவிருந்த மரவீட்டின் பகுதிகளை அடிவாரத்திலேயே செய்து முடித்து, சுமையாட்களைக் கொண்டு மலைமேல் ஏற்றினார். கறையான் ஏறாதிருக்க வீட்டைத் தூண்களின்மேல் நிறுத்தி, ஒவ்வொரு தூணின் தலையிலும் கவிழ்த்த வாணலி போன்ற உலோகத் தட்டைப் பொருத்தினார். அவருடைய சமயப் பேச்சுகளைக் காட்டிலும் இந்த வாணலிகளே அவரை நமக்கு நன்கு அறிமுகம் செய்கின்றன.

அவர் தம் சமயத்தைப் பரப்பவே வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்டுகள் பல கடந்தும் அவருடைய சமயத்தில் எவரும் சேரவில்லை. அவர்களிடம் போகக்கூடாது என்று உள்ளூர்ப் பூசாரி ஒருவர் மக்களைத் தடுத்தும் வந்தார். எனினும் மருந்து கொடுப்பது நிற்கவில்லை. பள்ளிகள் தொடங்குவதும் நிற்கவில்லை. முதல் உலகப்போரின் முடிவில் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் கொல்லிமலையையும் தாக்கியது. அச்சத்தால் உற்றாரே விலகிச் சென்ற வீடுகளுக்குப் பிராண்டு தம்பதியர் கஞ்சி சுமந்து சென்றனர். தம்மை எதிர்த்த பூசாரியின் வீட்டுக்கும் சென்றனர். இறக்கும் தறுவாயில் அவர் தம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். ஒருவர்மீது மற்றொருவர் வைக்கும் நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடையாளம் எது?

அக்காலத்தில் மலைமக்களை வாட்டிய கொடிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. குடிநீரில் வாழும் நுண்ணிய நீர்த்தெள்ளின் வழியாக உடலுக்குள் புகும் புழு, ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, காலில் கொப்புளம் உண்டாக்கி வெளிவரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி நீரில் காலை வைத்தவுடன், புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அந்நீரில் வெளியிடும். அதே நீரை ஊரார் மொண்டு குடிப்பர். வெளியே தலைகாட்டும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்தோறும் சிறிது சிறிதாக இழுப்பதே சிகிச்சை. ஜெஸ்ஸி அதனைச் செய்தார். ஆனால் புழுவை எடுப்பதோடு வேலை முடியவில்லை என்பது அவருக்கு விளங்கியது. நீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவும், நீர்நிலையில் கால் படாதவாறு சுற்றுச்சுவர் எழுப்பவும் ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். மருந்து ஒரு நோயாளிக்கு உதவும். சுவரோ ஊருக்கே உதவும். இந்நோய் இந்தியாவிலிருந்து முற்றிலும் ஒழிந்தது என 2000ஆம் ஆண்டில் சான்றளிக்கப்பட்டது.

ஊருக்கு அவர்கள் அளித்ததை மட்டுமே சொல்வது முழுமையாகாது. 1914இல் பிறந்த அவர்களின் மகன் பால், சிறுவனாக இருந்தபோது தோழர்களுடன் படிவயலில் தவளை பிடித்துக்கொண்டிருந்தான். வயற்காவலரான தாத்தா ஒருவர் வந்து, ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டினார். தலைமுறை தலைமுறையாகச் சோறு தருவது இந்த மண். சிறுவர்கள் கலக்கிய நீரோடு அது கீழே ஓடிவிட்டால் மலைக்கு ஒருபோதும் திரும்பாது என்று விளக்கினார். முதுமையில் மண்வளம் பற்றி எழுதியபோது பால் தொடங்கியது அந்தச் சேற்றிலிருந்துதான். கொடுக்க வந்த வீடு, ஊரிடமிருந்து பெற்றுக்கொண்ட பாடம் அது.

1929இல் கடுங்காய்ச்சலால் ஜெஸ்ஸி மலையிலேயே இறந்தார். அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பால், தந்தையைப் போலவே கட்டடத் தொழிலும் தச்சும் பயின்றார், பின்னரே மருத்துவரானார். 1946இல், ஐடா ஸ்கடர் தொடங்கிய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியேற்றார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் விரல்கள் மடங்கி இறுகிய கைகளைக் கண்டார். தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அறுத்தால் ஆறாது என்று மருத்துவர்களும் எண்ணியிருந்த காலம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் அவர் திணறியபோது, நோயுற்ற சிறுவன் ஒருவன் எளிதாகச் சாவியைத் திருப்பிவிட்டான். அவன் விரலில் எலும்பு தெரியும் அளவு வெட்டு விழுந்திருந்தது, அவனுக்கு வலிக்கவேயில்லை. விரல்களை நோய் தின்னவில்லை. வலி என்னும் காவலர் இல்லாமையால் அவை காயப்பட்டுத் தேய்கின்றன என்பது மெல்லத் தெளிவாயிற்று. உறங்கும்போது எலி கடித்தும் சில விரல்கள் குறைந்தன. அதனால் நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன!

முன்கையில் வலுவிழக்காத தசைகள் எஞ்சியிருப்பதைக் கண்ட பால், அவற்றின் தசைநாண்களை விரல்களுக்கு மாற்றிப் பொருத்தினார். இறுகிய கைகள் விரிந்தன. அடுத்து வந்தது எதிர்பாராத முறையீடு. குணமாகிச் சென்றவர்கள் திரும்பி வந்து, இந்தக் கைகள் பிச்சைக்கு உதவவில்லை என்றனர். முன்பு கையைப் பார்த்து இரங்கியவர்கள் இப்போது காசு போடவில்லை; வடுக்களைக் கண்டு வேலை தருவாரும் இல்லை. கையைத் திருத்திய மருத்துவம், அந்தக் கைக்கு உரியவரின் பசியைக் கணக்கில் கொள்ளவில்லை. குறை நோயாளிகளிடம் இல்லை, தம்மிடமே என்று பால் ஏற்றுக்கொண்டது, என் கருத்தில், அவருடைய அறுவைத் திறனுக்குச் சற்றும் குறைந்ததன்று. வேலூரில் நவஜீவ நிலையம் உருவாயிற்று. அங்கே அவர் தச்சுப் பட்டறை அமைத்தார். உணர்வற்ற கைகளைக் காயப்படுத்தாமல் உளியையும் வாளையும் எப்படிப் பிடிப்பது என்று மருத்துவரே நின்று கற்பித்தார். தந்தையிடமிருந்து வந்த தொழில், எவரும் எண்ணாத இடத்தில் பயன்பட்டது.

எவலின் அம்மையாரோ, ஓய்வுபெறும் வயதில் தாயகம் திரும்ப மறுத்து மீண்டும் கொல்லிமலை ஏறினார். ஏறக்குறைய எழுபது வயதில் தொடங்கி, கல்வராயன் மலை, பச்சைமலை முதலான மலைகளுக்கும் குதிரையிலேறிச் சென்று மருந்து கொடுத்தார். இடுப்பு முறிந்த பின்னும் இரு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்த அவர், ஜெஸ்ஸியின் கல்லறைக்கு அருகே, அதே மலையில் அடக்கம் செய்யப்பட்டார்.