தொண்டும் பொறுப்பும்

மதம் மனிதரைப் பிரிப்பதற்கென்றே ஏற்பட்டது என வாதிப்போர் எந்நாட்டிலும் உளர். 2017-ம் வருஷம் ரம்ஜான் மாதத்தில் லண்டன் மாநகரில் நிகழ்ந்தவற்றை அன்னார் சிறிது சிந்திக்க வேண்டுகிறோம்.

அவ்வருஷம் ஜூன் 14-ந் தேதி, இரவு ஒரு மணி ஆகுமுன், வட கென்ஸிங்டனிலுள்ள கிரென்பெல் டவர் என்னும் 24 மாடிக் கட்டிடத்தில், நான்காவது மாடிச் சமையலறை ஒன்றில் தீப் பிடித்தது. கட்டிடத்தைப் புதுப்பிக்கையில் வெளிப்புறத்தில் பொருத்திய தகடுகளினிடையே எளிதில் எரியும் பிளாஸ்டிக் இருந்தது. அதைப் பற்றிக்கொண்டு தீ உச்சிவரை ஏறிற்று. 72 பேர் மாண்டனர்.

ஊர் உறங்கிய அவ்வேளையில், இரவுத் தொழுகை முடித்து ஸஹர் உணவுக்காக முஸ்லிம் குடும்பங்கள் பல விழித்திருந்தன. முஸ்லிம் வாலிபர்கள் கதவுகளைத் தட்டி அயலாரை எழுப்பியதாக அங்கு வசித்தோர் சிலர் பின்னர் கூறினர். விடிவதற்குள் அருகிலுள்ள கிறிஸ்தவ ஆலயம் திறக்கப்பட்டது. அல்மனார் மசூதியும் எம்மதத்தினரும் வந்து தங்கலாம் என்று இடமளித்தது. சீக்கியத் தொண்டர்கள் உணவும் நீரும் கொணர்ந்தனர். வாலிபர்களும் யுவதிகளும் வந்து குவிந்த துணிமணிகளைப் பிரித்து வழங்கினர். அந்நாட்டில் ஜூன் மாதத்து நோன்பு 18 மணி நேரத்துக்கு மேற்பட்டது. தாம் ஒரு மிடறு நீரும் அருந்தாமல் பிறர் தாகம் தீர்த்த அவ்விளைஞரின் தொண்டை எவ்வளவு புகழினும் தகும்.

ஆனால் புகழ்ச்சியோடு நின்றுவிடுவது நியாயமாகாது. ஜனங்கள் இவ்வாறு உழைக்கையில் வரி வாங்கும் நகரசபை என் செய்தது? விசாரணைக் கமிஷனின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வெளிவந்தது. மாண்ட அனைவருடைய மரணமும் தவிர்த்திருக்கக் கூடியதே என்று அதன் தலைவர் கூறினார். வீடிழந்தோர்க்கு உதவுவதில் நகரசபை தாமதமும் குழப்பமும் காட்டியதென்றும், நோன்பிருந்த முஸ்லிம்களின் தேவைகள் உரியபடி கவனிக்கப்படவில்லை என்றும் அவ்வறிக்கை குறை கூறுகிறது. அக்கம்பக்கத்தார் சில மணி நேரத்தில் உணர்ந்ததை, கடமைப்பட்ட அதிகாரிகள் உணரவில்லை.

ஜனங்களின் தருமசிந்தையை ஆள்வோர் தமது அசட்டைக்குத் திரையாகப் பயன்படுத்த இடங்கொடுக்கலாகாது. இதை அப்பகுதியார் நன்கறிந்திருந்தனர். தீ விபத்துக்குப் பின் மாதந்தோறும் 14-ந் தேதி பல மதத்தினரும் ஒன்றுகூடி, மாண்டோரை நினைந்தும் நீதி கோரியும் மௌன ஊர்வலம் நடத்தினர். அன்று ஒருங்கே உணவு பரிமாறியவர்கள் பின்னர் ஒருங்கே பொறுப்பையும் கேட்டனர். சமூக ஒற்றுமையின் முழுப்பயன் இதுவேயென்பது நமது அபிப்பிராயம்.

தொண்டு புரிய முன்வரும் வாலிபர்களுக்கு நாம் சொல்வது இதுவே. பசித்தவனுக்குக் கஞ்சி வாருங்கள். அவன் மதத்தை வினவ வேண்டாம். வார்த்தபின், அவன் பசித்திருக்க நேர்ந்ததேன் என்று பொறுப்புள்ளவர்களிடம் வினவுங்கள். அக்கேள்விக்கு விடை கிட்டும்வரை தொண்டு பூர்த்தியாவதில்லை.