ஒரே குரல், இரண்டு ஆள்

மான்ட்ரியல் நகரின் வடபகுதியில், ஆற்றங்கரையோரம் இருக்கிறது அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில். பிரெஞ்சு, அரபு, ஹைட்டி கிரியோல், இத்தாலியம் என எல்லாம் காதில் விழும் பகுதி. இங்கே கடைக்காரர் "பொன்ஷூர்" என்பதா, "பொன்ஷூர், ஹாய்" என்பதா? 2017-இல் கியூபெக் சட்டமன்றமே கூடி, பிரெஞ்சு வணக்கமான "பொன்ஷூர்" போதும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. ஒரு வணக்கத்துக்கு இவ்வளவு அமர்க்களம் ஏன்?

வாயைத் திறந்ததுமே 'இவர் எந்தப் பக்கம்?' என்று கேட்பவர் கணக்குப் போட்டுவிடுகிறார். 1960-இல் இதே ஊரில் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பெர்ட்டும் குழுவினரும் இதைச் சோதித்தார்கள். இருமொழியும் சரளமாகத் தெரிந்தவர்கள் ஒரே பகுதியை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசித்தார்கள். ஒலிநாடாவைக் கேட்டவர்களுக்கு ஆள் ஒன்றுதான் என்பது தெரியாது. ஆங்கிலத்தில் பேசியபோது அதே ஆள் அதிக அறிவாளி, நம்பகமானவர், ஏன், உயரமானவராகக்கூடத் தோன்றினார்! பிரெஞ்சு பேசுபவர்களே தங்கள் மொழிக்குக் குறைத்து மதிப்பெண் போட்டதுதான் உறைக்கிறது. அன்று மான்ட்ரியலில் பணமும் பதவியும் ஆங்கிலம் பேசின; காது அந்தப் படிநிலையை அப்படியே வாங்கிக்கொண்டது.

1973-இல் உளவியலாளர் ஹவர்ட் கைல்ஸும் சகாக்களும் மறுபக்கத்தைக் காட்டினார்கள். பிரெஞ்சு பேசும் கனடியர் ஒருவர் சிரமப்பட்டு ஆங்கிலத்தில் பேசியபோது, ஆங்கிலம் பேசும் கனடியர்களும் பதிலுக்குப் பிரெஞ்சு பேச முயன்றார்கள். உச்சரிப்பு எப்படியும் இருக்கட்டும், முயற்சி தெரிந்தால் போதும். சென்னை ஆட்டோவில் ஏறியதும் யாழ்ப்பாணத்தார் பேச்சை மாற்றிக்கொள்வதும் இந்தக் கணக்குத்தான். வீம்புக்கு மாற்றாமல் இருப்பவர்களும் உண்டு. அதுவும் ஒரு செய்திதான்.